நாலு கோடும் இருக்கிறது, லைன்தான் ஓடவில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் மனு சுற்றுகிறது. "லைன் சரியில்லை, இன்னொரு டவர் வேண்டும்." கையெழுத்துப் போட நான் தயார். ஆனால் இரண்டு வேறு குறைகளை அதில் ஒன்றாக்கிவிட்டோம். டவர் வேலையே என் பிழைப்பு என்பதால் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

முதல் குறை பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில். மாலை ஏழரைக்கு முறுக்கு அக்கா கடையில் நல்ல கூட்டம். கியூஆரை ஸ்கேன் பண்ணிய பையன் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறான். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "காசா இருந்தா குடு தம்பி" என்கிறார் அக்கா, அடுத்த பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே. அவன் போனில் நாலு கோடும் இருக்கிறது! அந்தக் கோடுகள் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதைத்தான் காட்டும். அதை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பதைக் காட்டாது. ஒரே அண்டாச் சோற்றை எல்லாப் பந்திக்கும் பரிமாறுகிற கதைதான்.

இதற்குப் புது டவர்தான் வேண்டும் என்றில்லை. இருக்கிற டவரிலேயே கூடுதல் அலைவரிசைகளை ஏற்றலாம். 2021 இறுதியில் 3ஜியை மூடியதே, அதன் அலைவரிசையை 4ஜிக்குத் திருப்பத்தான். ஆண்டெனாவைக் கூட்டி, டவர் ஒரு பக்கம் பார்க்கும் பரப்பை இரண்டாகப் பிரிக்கலாம். டவருக்கே வரும் இணைப்பு கம்பியில் இல்லாமல் மைக்ரோவேவ் அலை வழியாக வந்தால், முதலில் ஃபைபர் (கண்ணாடி இழைக் கம்பி) கேட்கவேண்டும். கீழே குழாய் சின்னதாக இருந்தால் மேலே எதை மாட்டியும் பயனில்லை.

இரண்டாவது குறை, செம்பனைத் தோட்டத்துக்குள். லயத்து வீடுகள் பள்ளத்தில் இருக்கின்றன. நடுவில் மேடு, சுற்றிலும் மரம், தலைக்கு மேலே தகரக் கூரை. ஈரம் நிறைந்த மட்டைகளும் தகரமும் அலையைத் தடுத்துவிடும். அங்கே பல வீடுகளில் கோடே வராது. இங்கேதான் உண்மையிலேயே டவர் வேண்டும், அதுவும் தாழ்ந்த அலைவரிசையோடு: 4ஜி என்றால் 900 மெகாஹெர்ட்ஸ், 5ஜி என்றால் 700. பழைய அனலாக் டிவியை 2019 அக்டோபரில் நிறுத்தி மீட்ட இடம்தான் இந்த 700. நகரத்தில் வேகமாக ஓடும் 5ஜியின் 3500 அவ்வளவு தூரம் எட்டாது.

இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடுவதும் உண்டு. பலவீனமான சிக்னலில் ஒருவர் வீடியோ பார்த்தால், அதே டேட்டாவுக்கு டவர் அதிக நேரம் செலவழிக்கும்; பக்கத்தில் இருப்பவர்களுக்கும் வேகம் குறையும். ஆகவே தோட்டத்துக்கு நல்ல லைன் கொடுத்தால் பட்டணத்துக்கும் நல்லதுதான்.

2020இல் வந்த ஜெண்டேலா என்ற அரசாங்க இணைய வசதித் திட்டம், முதல் கட்டத்தில் மக்கள் வாழும் பகுதிகளில் 96.9 விழுக்காட்டுக்கு 4ஜி என்று இலக்கு வைத்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த விழுக்காட்டில் முறுக்கு அக்காவின் ஏழரை மணி தெரியாது.

இன்னொன்று. தோட்டத்தில் இருக்கும் என் சின்னம்மா, பேசும்போதெல்லாம் வாட்ஸ்அப் நின்றுபோகிறது என்றார். வாங்கிப் பார்த்தால், அழைத்தவுடன் மேலே இருந்த 4ஜி மறைகிறது. 3ஜி இல்லாததால் அழைப்பு 2ஜிக்கு இறங்கிவிடுகிறது. செட்டிங்கில் வோல்டிஇ (4ஜியிலேயே அழைப்பு பேசும் வசதி) அணைந்து கிடந்தது, திறந்துவிட்டேன், சரியாகிவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனையும் ஒரு தடவை பாருங்கள்.

சரி, மனுவை இரண்டாகப் பிரிப்போம்: தோட்டத்துக்கு டவர், பட்டணத்துக்குக் கொள்ளளவு. பசார் மாலாம் போகிறவர்கள் அங்கேயே நின்று வேகச் சோதனை எடுத்து, நேரம், இடம், எந்த நிறுவனத்து லைன் என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். காலையில் அதே இடத்தில் எடுத்ததும் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனுவோடு இணைக்கிறேன்.