சுவரோரம் முளைத்த ஊதாப்பூச் செடிக்குப் பெயர் கண்ட விதம்

யாரும் நடாமல் சுற்றுச்சுவர் ஓரம் முளைத்த செடி. முழங்கால் உயரம்கூட இல்லை. தரையோடு வெட்டிவிட்டாலும் அடுத்த மழைக்கு அதே இடத்தில் தழைத்துவிடும். காலையில் புனல் வடிவ ஊதாப்பூ, மதியத்துக்குள் உதிர்ந்துவிடும். பூவை மட்டும் படமெடுத்துக் கைப்பேசிச் செயலியில் போட்டதற்கு முதலில் பெட்டூனியா என்றது, கோணத்தை மாற்றினால் வேறு பெயர் சொன்னது. செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. புனல் வடிவில் ஊதாப் பூக்கிற செடிகள் ஏராளம். கணு, மகரந்தத்தாள், காய், வேர் எல்லாம் பார்த்தால்தான் பெயர் பிடிபடும்.

ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இலை, அடுத்த கணுவில் அந்த இணை குறுக்காகத் திரும்பியிருந்தது. கணுக்கள் சற்றுப் புடைத்திருந்தன. தொட்டால் பிசுபிசுப்பு இல்லை. பெட்டூனியா இலை கையில் ஒட்டும்.

பூவைக் காலை ஏழு, எட்டு மணிக்குப் பறித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் துவண்டு, தாள்கள் குழாயோடு ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை தப்பும். பிளேடால் குழாயை நீளவாக்கில் கீறி விரித்தோம். மடல் ஐந்து, மகரந்தத்தாள் நான்கு: இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. பெட்டூனியாவுக்குத் தாள் ஐந்து. ஆக, பெட்டூனியா சேர்ந்த கத்தரிக் குடும்பம் கழிந்தது. எதிரிலையையும் சேர்த்துப் பார்த்தால் கனகாம்பரம், ஆடாதோடை இருக்கும் குடும்பத்தின் மேல் சந்தேகம் விழும்.

அதை உறுதிசெய்வது காய். 2 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான, பழுப்பேறிக் காய்ந்த காயை வாயகன்ற பாட்டிலில் போட்டு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் சிறிது நேரத்தில் 'டப்'பென்று வெடிக்கும். பச்சைக்காய் வெடிக்காது. பாட்டில் இல்லாவிட்டால் விதை அறையெங்கும் சிதறிவிடும். பிளந்த இரண்டு பாதியிலும் வரிசையாகச் சின்னக் கொக்கிகள், விதைகள் அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தவை. இந்தக் கொக்கிதான் குடும்ப அடையாளம். தட்டை விதையை நீரில் போட்டால் ஓரத்தில் வழவழப்பான வெண்படலம் கட்டும். பள்ளிப் பிள்ளைகள் எச்சில் தொட்டு வெடிக்கவிடும் பட்டாசுக்காய் இதுதான்.

பட்டாசுக்காய் என்று தெரிந்ததும் நின்றுவிடக்கூடாது. பட்டாசுக்காய் சேர்ந்த ருயேலியா என்ற பேரினத்தில் நம் பக்கம் குழப்பம் தருபவை மூன்று. ருயேலியா சிம்ப்ளெக்ஸ், நர்சரிகளில் வேலியோரத்துக்கென்று விற்பது: இடுப்புயரம், தண்டில் கருஊதாச் சாயல், இலை ஒடுங்கி நீண்டது. இதில் குட்டை ரகமும் உண்டு என்பதால் உயரத்தை நம்பாமல் இலையின் அகலத்தைப் பாருங்கள். ருயேலியா பட்டுலா படர்ந்து கிடக்கும், பூ சிறுத்து வெளிறியிருக்கும். கிரந்திநாயகம் என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட ருயேலியாவுக்கு வழங்குவதால் அந்தப் பெயரை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

எங்கள் செடியின் இலை நுனிப்பக்கம் அகன்று காம்பை நோக்கிக் குறுகியது. மிச்சச் சந்தேகத்தை வேர் தீர்த்தது. இழுத்தால் தண்டு ஒடிந்து கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். ஒரு சாண் தள்ளி மண்வெட்டி போட்டுக் கட்டியோடு பெயர்க்க வேண்டும். கழுவினால் இரு முனையும் கூர்த்த கிழங்குகள் கொத்தாகத் தெரிந்தன. வெட்டவெட்டத் தழைத்ததற்குக் காரணமும் அதுவே. ஆக, இது மூன்றாவதான ருயேலியா டியூபரோசா: தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் பெயரிட்ட, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி.

நிபுணரிடம் காட்டுவதானால், கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் போன்ற இடங்களில் உலர் மாதிரியோடு ஒப்பிட வழியுண்டு. பூ, காய் இரண்டும் உள்ள கிளையைச் செய்தித்தாளுக்கிடையே அழுத்தி, முதல் சில நாள் தினமும் தாளை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்தால் ஊதா வெளுக்கும். நிறம், உயரம், இடம், தேதி அன்றே எழுதிவிடுங்கள். முற்றிய காயைத் தனிக் கவரில் வையுங்கள். மிச்சத்தை எருக்குழியில் போட்டால் அடுத்த மழையில் எருவோடு தோட்டமெங்கும் முளைக்கும்.