அம்மா இருமவே இல்லை, அதுதான் பிரச்சினை

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவை வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தாதி சொன்னது ஒரே வரி: “தண்ணியக் கொஞ்சம் கெட்டியாக்கிக் குடுங்க.” எவ்வளவு கெட்டி என்றதற்குக் கையை ஆட்டிக் காட்டினார்.

விழுங்கும் பயிற்சிக்கு ருஜுக்கான், அதாவது பரிந்துரைக் கடிதம் கிடைத்தது. பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து, பார்க்கிங் தேடி, சக்கர நாற்காலி பிடித்து, நம்பர் எடுத்து உட்கார்ந்தால், காவுண்டரில் “இது பிசியோவுக்கு எழுதியிருக்கு” என்றார்கள். பிசியோவில், “விழுங்குறது நாங்க பார்க்கிறது இல்ல, பேச்சுப் பயிற்சிப் பிரிவுக்குப் போங்க.” அங்கே போனால், “கடிதத்துல எங்க பிரிவே இல்லையே.” அறை காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் கடிதத்தைத் திருத்திக்கொண்டு வந்தால்தான் உண்டு. அம்மா பசியோடு வீடு திரும்பினார். கடிதம் கைக்கு வந்ததுமே அதில் ‘பெர்துதுரான்’ (மலாயில் பேச்சு) என்று இருக்கிறதா, விழுங்கும் சிரமம் என்று எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். பேச்சு நன்றாக வருகிறவருக்கும் இந்தப் பிரிவுதான்.

கடிதத்தைத் திருத்தி வாங்கியதும் மற்றது எளிதாக நடந்தது.

தெரப்பிஸ்ட் தமிழ்ப் பெண். “ஆன்ட்டி, சாப்பிடும்போது இருமல் வருதா?” என்று கேட்டார். “இல்லவே இல்லை” என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. எக்ஸ்ரேக்கு எழுதிக் கொடுத்தார். பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி, அது இறங்குவதை வீடியோவாக எடுக்கும் பரிசோதனை அது. திரையில் பார்த்தேன்: தண்ணீர் போன்ற திரவம் மூச்சுக்குழாய்க்குள் போகிறது, அம்மா ஒரு செருமல்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். தொண்டையில் உணர்ச்சி குறைந்துவிட்டால் இருமல் வராதாம். நிமோனியா வரும் வழிகளில் இதுவும் ஒன்று. இருமல் இல்லாததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தாதியின் கையாட்டலுக்கு ஒரு எண் இருக்கிறது என்பதும் அங்கேதான் தெரிந்தது. ஐடிடிஎஸ்ஐ என்ற உலக அளவிலான முறையில் உணவு, பானங்களின் பதத்துக்கு 0 முதல் 7 வரை நிலைகள். பானங்களுக்கு 0 முதல் 4, உணவுக்கு 3 முதல் 7. அம்மாவுக்கு 2. வீட்டிலேயே அளக்கலாம்: 10 மில்லி சிரிஞ்சில் பானத்தை நிரப்பி, முனையிலிருந்து விரலை எடுத்து 10 விநாடி ஒழுகவிட்டால், 4 முதல் 8 மில்லி வரை மிஞ்ச வேண்டும். எல்லாச் சிரிஞ்சும் ஆகாது. 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நான் ரூலர் வைத்து அளந்துதான் வாங்கினேன். பார்மசிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும்.

அந்தச் சிரிஞ்சுதான் இன்னொரு குட்டையும் உடைத்தது. பானத்தைக் கெட்டியாக்க முதலில் வாங்கிய பவுடர் மாவுச்சத்து வகை. அம்மா ஒரே கப் கோப்பியை அரை மணி நேரம் வைத்துக் குடிப்பார். மிச்சக் கோப்பியைச் சிரிஞ்சில் விட்டால் சரசரவென்று இறங்கிவிட்டது. கரண்டியோடு போகும் எச்சில் மாவுச்சத்தைக் கரைத்துவிடும் என்றார் தெரப்பிஸ்ட். சாந்தன் கம் என்ற பிசின் வகைக்கு மாறினோம். விலை கூடத்தான், ஆனால் கடைசி மடக்கு வரை அப்படியே நிற்கிறது.

நம் சாப்பாட்டைப் பற்றி யாரும் தானாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள். ரசம் சோறு ஆகாது: வாயில் சாறு தனியாக ஓடிவிடும், பருக்கை தங்கிவிடும். ஐஸ்கிரீமும் ஜெல்லியும் மெத்தென்று இருக்கிறதே என்று கொடுக்காதீர்கள், வாயில் உருகினால் வெறும் தண்ணீர்தான். மாத்திரையைப் பொடிப்பதற்கு முன் பார்மசியில் கேளுங்கள். மெதுவாகக் கரைய வேண்டிய சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. அப்புறம், தாடையை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்கச் சொல்லும் உத்தியை யாரோ சொன்னார்கள் என்று நீங்களாகத் தொடங்காதீர்கள். அம்மாவுக்கு அது உதவுகிறது என்று எக்ஸ்ரேயில் பார்த்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள்.

அடுத்த அப்பாயின்மென்ட் தள்ளித்தான் கிடைத்தது. அதுவரை வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை எழுதிக் கேட்டேன், கொடுத்தார். நிலை எண்ணையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். பார்க்க வரும் சித்தி “ஒரு வாய் தண்ணிதானே” என்று ஆரம்பித்தால் அந்தத் தாளை நீட்டிவிடுகிறேன்.