மூன்று விரற்கடை நாடா

அரிசிக் கடைத் தராசில் என் தவிலை ஒருநாள் தூக்கி வைத்துப் பார்த்தேன். 12 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. தாத்தா வாசித்தது தோல்வார் இழுத்துக் கட்டிய தவில். இப்போது வாருக்குப் பதில் இரும்பு வளையமும் போல்ட்டும் நட்டும். சுருதி இறங்காமல் நிற்கிறது, சரிதான். அந்தக் கனம் தோளுக்குத்தானே வருகிறது? மேடையில் உட்கார்ந்து வாசிக்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கோவில் திருவிழாக்களான கொடைகளில் வாசிக்கிறவனுக்கு, தவிலைத் தோளில் தொங்கவிடும் நாடாதான் பாதி வித்தை. தாமிரபரணியில் தீர்த்தம் எடுத்துக் கோவில் வரைக்கும் நடக்க வேண்டும். பிறகு நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை முடியும்வரை நிற்க வேண்டும்.

போன வருஷக் கொடைக்கு ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பழைய கார் ஒன்றின் சீட் பெல்ட்டை வெட்டி நாடாவாகத் தைத்துக்கொண்டேன். ஆளையே பிடித்து நிறுத்துகிற பெல்ட் தவிலைத் தாங்காதா என்ற கணக்கு. தாங்கத்தான் செய்தது. ஆனால் வியர்வை பட்டதும் வழுக்கியது. சட்டையில்லாத தோளில் அதன் விளிம்பு அரிவாளாக இறங்கியது. நொடிக்கொரு தரம் தோளைக் குலுக்கி நாடாவை ஏற்றிக்கொண்டே வாசித்தேன். எனக்கும் சாமி வந்துவிட்டது என்று நினைத்து ஒரு பாட்டி நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டாள்.

அதன்பிறகுதான் கட்டிலுக்குப் பின்னுகிற பருத்தி நாடாவை வாங்கிக்கொண்டு, பஸ் நிலையத்தருகே செருப்புத் தைக்கும் அண்ணாச்சியிடம் போனேன். “தவிலைக் கொண்டு வாரும் தம்பி. நாடாவை மட்டும் நீட்டினால் நான் எதை அளக்க?” என்றார். மறுநாள் தவிலைத் தோளில் மாட்டவைத்து, டீக்கடை வரை நடந்துவிட்டு வரச் சொன்னார். நிற்கும்போது சரியாக இருந்த நீளம், நடந்ததும் முழங்காலில் இடித்தது. ஏற்றிக் கட்டினால் வலது முழங்கை தூக்கிக்கொண்டது. விரல்களில் மாட்டி அடிக்கிற விரல்கூடு தவில் தோலின் ஓரத்தில் விழுந்து சத்தம் சப்பென்று போனது. நாலு தரம் நடந்த பிறகே அளவு பிடிபட்டது. டீக்கடைக்காரர் என்ன நினைத்தாரோ.

அகலம் மூன்று விரற்கடை. தோளில் படுகிற இடத்தில் மட்டும் பழைய வேட்டித் துணியை ஆறு மடிப்பாக உள்ளே வைத்துத் தைத்தார். பஞ்சு வேண்டாம் என்றார். ஒரே இரவில் வியர்வை குடித்து அப்பளமாகிவிடுமாம். முடிச்சு மட்டும் கழுத்தெலும்பின்மேல் வராமல் முதுகுப் பக்கம் போக வேண்டும் என்பது நான் சொன்னது.

இந்த வருஷமும் அதே ஊர்க் கொடை. விடியும்வரை நாடா இம்மி நகரவில்லை. அந்தப் பாட்டி திருநீற்றுத் தட்டோடு எதிரிலேயே நின்றிருந்தாள். என் பக்கம் வரவே இல்லை.