பழைய செக்பேட்சோடு மல்லுக்கட்டிய கதை

லினக்ஸில் சாதனங்களை இயக்கும் டிரைவர் நிரல்களை எழுதும் எங்கள் குழுவில் எந்த பேட்ச் (நிரல் மாற்றம்) போட்டாலும் முதலில் செக்பேட்ச் ஓடும்; நிரல் எழுதும் விதிகளை மீறியிருக்கிறோமா என்று பார்க்கும் ஸ்கிரிப்ட் அது. அது பச்சை காட்டினால்தான் ரிவ்யூவுக்கே போகும். அந்த ஸ்கிரிப்டை யாரோ எப்போதோ லினக்ஸ் கெர்னல் மரத்திலிருந்து (கெர்னலின் மொத்த மூலநிரல் தொகுப்பு) தனியாகப் பிய்த்து, பேட்ச்களைத் தானாகச் சோதிக்கும் சிஐ சர்வரில் போட்டுவிட்டு, வேலையையும் விட்டுப் போய்விட்டார். வரி நீள எச்சரிக்கை 2020 மே மாதமே கெர்னலில் 80 எழுத்திலிருந்து 100க்கு மாறிவிட்டது. எங்கள் சர்வருக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை. 80ஐக் கொஞ்சம் தாண்டிய ஒரு வரிக்காக என் பேட்ச் திரும்பி வந்தது.

சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டால், "டிக்கெட் போடுங்க." போட்டேன். "ஸ்கிரிப்ட் டெவலப்பர்கள் பொறுப்பு" என்று எழுதி மூடிவிட்டார். டெவலப்பர் எவருக்கும் அந்த சர்வரில் எழுத அனுமதி கிடையாது! மேனேஜரை சிசியில் சேர்த்த பிறகுதான் அனுமதி வந்தது.

புது ஸ்கிரிப்டை மட்டும் கொண்டுபோய் வைத்தால் ஓடாது; கெர்னல் மரத்தின் உச்சி டைரக்டரியிலிருந்து ஓட்டச் சொல்லி நின்றுவிடும். அதற்கு, மரம் இல்லாமலே ஓடச் சொல்லும் 'நோ-ட்ரீ' ஆப்ஷன் கொடுக்க வேண்டும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் அதிர்ந்தது லாக்கைப் படித்தபோது. ஸ்பெல்லிங் கோப்பு இல்லை, அதனால் எழுத்துப்பிழை எதையும் கண்டுபிடிக்க முடியாது என்று மேலேயே ஒரு வரி. பழைய லாக்குகளிலும் அதே வரி. அதாவது இத்தனை காலமும் அந்தச் சோதனை நடக்கவே இல்லை, முடிவு மட்டும் பச்சை. கான்ஸ்டாக (மாற்ற முடியாததாக) இருக்க வேண்டிய ஸ்ட்ரக்ட்களின் (தரவுக் கட்டமைப்புகளின்) பட்டியல் கோப்பும் இல்லை. ஸ்கிரிப்டை நகலெடுப்பவர்கள் இந்த இரண்டு கோப்புகளையும் மறக்காமல் பக்கத்திலேயே வையுங்கள்.

அப்புறம் எங்கள் லீட், "புதுசு போட்டா எத்தனை எச்சரிக்கை கூடும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட கமிட்கள் (சேர்த்துவிட்ட பேட்ச்கள்) மேல் பழையதையும் புதியதையும் ஓட்டினேன். 'டெர்ஸ்', 'ஷோ-டைப்ஸ்' ஆப்ஷன் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரு புகாருக்கு ஒரு வரி, கூடவே அதன் வகைப் பெயரும் வரும். எண்ணி ஒப்பிடுவது சுலபம். புதிதாகக் கூடியது சொற்பம். இரண்டிலுமே மலை மாதிரி குவிந்திருந்தது கேமல்கேஸ், அதாவது பெயரின் நடுவில் பெரிய எழுத்து வருகிறது என்ற புகார். எங்கள் சிஐயில் கூடுதல் கண்டிப்புக்கான 'ஸ்ட்ரிக்ட்' ஆப்ஷன் போட்டிருந்ததால் வந்த வினை அது. சிப் தயாரிப்பாளர் ஹெடரில் இருக்கும் ரெஜிஸ்டர் பெயர்கள் அப்படித்தான் இருக்கும், நாம் மாற்ற முடியாது. இந்தக் குப்பையைப் பார்த்துப் பார்த்தே, உண்மையான எச்சரிக்கையையும் எல்லோரும் தள்ளிவிட்டுப் போகப் பழகியிருந்தார்கள்.

அந்த ஒரு வகையை மட்டும் 'இக்னோர்' என்று செக்பேட்ச் கான்ஃப் (அமைப்பு) கோப்பில் எழுதி, எங்கள் நிரல் இருக்கும் ரெப்போவிலேயே போட்டேன். ஏன் என்று கமிட் விளக்கத்தில் காரணமும் எழுதினேன். உடனே ஆளாளுக்கு "என்னுடையதையும் சேர்" என்று வந்தார்கள். காரணம் எழுதிக் கொண்டுவரச் சொன்னதும் பாதிப் பேர் திரும்பி வரவில்லை.

இப்போது செக்பேட்ச் பற்றி யார் டிக்கெட் போட்டாலும் சர்வர்காரர் வாய் பேசாமல் என் பெயருக்கு மாற்றிவிடுகிறார்.