பெயருக்கு நேரே நிற்கும் தொகை

என் பெயரை இணையத்தில் தேடினால் அதற்கு நேரே டாலரில் ஒரு தொகை வரும். போக்கர் டோர்னமென்ட்களில் நான் இதுவரை வென்ற பரிசுகளின் கூட்டுத்தொகை. அதைப் பார்த்துவிட்டு அண்ணன் மகன், "சித்தப்பா, நீங்க இவ்வளவு பெரிய ஆளா?" என்று கேட்டான். பையன் மேல் தப்பில்லை. அந்தப் பட்டியலில் வரவு மட்டும்தான் ஏறும். கட்டிய பை-இன் (நுழைவுக் கட்டணம்), விமான டிக்கெட், ஹோட்டல் வாடகை எதுவும் ஏறாது. 10,000 டாலர் கட்டி 15,000 வென்றால் பட்டியலில் 15,000. அதே ஆட்டத்தில் இரண்டு முறை தோற்று, மறுபடி மறுபடி பணம் கட்டி உள்ளே போயிருந்தாலும் அதே 15,000தான். பாதிப் பணம் போய்விட்டது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

பெரிய டோர்னமென்ட்களில் பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில்தான் பரிசு. அவர்களிலும் பலருக்குப் போட்ட பணத்துக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும், அவ்வளவுதான். பெரிய பணம் கடைசி மேஜையில், அதாவது கடைசிவரை மிஞ்சுகிற சிலர் ஆடும் மேஜையில் இருக்கிறது. ஆக, நன்றாக ஆடுகிறவரும் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் எழுந்து வருவார். கையில் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு கிங், ஃப்ளாப் (மேஜையில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) வருவதற்கு முன்பே இருவரும் ஆல்-இன், அதாவது இருப்பு முழுவதையும் பந்தயம் கட்டியாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஏங்குகிற நிலைமை இது. அப்போதும் நூற்றுக்கு ஏறக்குறைய 18 தடவை கிங் ஜெயித்துவிடும். அதில் ஒன்று தப்பான நேரத்தில் வந்தால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

ஒருவருடைய சேமிப்பு மட்டும் இதைத் தாங்காது. அதனால் வரப்போகும் பரிசில் பங்கு விற்கிறோம். 10,000 டாலர் ஆட்டத்தில் என்னுடைய 1 சதவீதம் 100 டாலர். என் மேல் நம்பிக்கை இருந்தால் அதையே 120க்கும் வாங்குவார்கள், அந்த 1.2 மடங்குதான் மார்க்-அப். தொலைக்காட்சியில் கோப்பையோடும் பணக்கட்டுகளோடும் போஸ் கொடுப்பவர் ஒருவர்தான், ஆனால் அந்தக் கட்டுகளுக்குப் பல சொந்தக்காரர்கள் இருக்கலாம்.

2003ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் 86 டாலர் ஆன்லைன் சாட்டிலைட் (பெரிய போட்டிக்கான இடத்தைப் பரிசாகத் தரும் சிறு போட்டி) வழியாக உள்ளே வந்து, 839 பேர் ஆடிய போக்கர் உலகத் தொடரின் முக்கியப் போட்டியான மெயின் ஈவென்டை ஜெயித்தார். பரிசு 25 லட்சம் டாலர். கடைசி எதிராளி சாம் ஃபார்ஹாவை அவர் பிளஃப் செய்து (இல்லாத பலத்தைக் காட்டி) இரண்டு ஒன்பதுகளின் ஜோடியை மடிக்க, அதாவது கைவிட வைத்ததை இன்றும் எல்லோரும் பேசுகிறார்கள். தன் ஆட்டத்தில் ஒரு பகுதியை அவர் முன்கூட்டியே அப்பாவுக்கும் ஒரு நண்பருக்கும் விற்றிருந்ததைப் பேசுபவர்கள் குறைவு. ஸ்டூ உங்கர் அதே போட்டியில் 1980, 81 இரண்டிலும் சாம்பியன். 1997ல் மூன்றாவது முறை ஜெயித்தபோது நுழைவுக்கான 10,000 டாலர்கூட அவரிடம் இல்லை. இன்னொரு ஆட்டக்காரரான பில்லி பாக்ஸ்டர் கட்டினார், 10 லட்சம் டாலர் பரிசில் பாதியை எடுத்துக்கொண்டார். மறு வருடம் நவம்பரில் லாஸ் வேகஸ் மோட்டல் அறை ஒன்றில் உங்கர் இறந்துகிடந்தார். கையில் சில நூறு டாலர்தான். போதைப் பழக்கமும் ரேஸ், பந்தயச் சூதாட்டமும் மீதியைத் தின்றிருந்தன. மேஜையில் அவரளவு திறமைசாலி இல்லை என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சைவிட அந்தச் சில நூறு டாலர்தான் நினைவில் நிற்கிறது.

நான் ஆடுவது பேக்கர் ஒருவரின் பணத்தில். எல்லா பை-இன்னும் அவர் கட்டுவார், லாபத்தில் ஆளுக்குப் பாதி. ஆனால் முதலில் அதுவரையான நஷ்டம் முழுவதும் அவருக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பாக்கிக்கு மேக்கப் என்று பெயர். மேக்கப் 30,000 இருக்கும்போது 50,000 வென்றால், 30,000 அவருக்கு. மீதி 20,000ல் எனக்கு 10,000. பட்டியலில்? 50,000.

மேக்கப் ஏறிவிட்டால் ஆட்டமே வேறு மாதிரித் தெரியும். ஒரு கடைசி மேஜையில் ஆறு பேர் மிச்சம், என் மேக்கப் 40,000க்கு மேல். முதல் பரிசைத் தவிர எது வந்தாலும் எனக்குச் சல்லிக்காசு வராது. அதிகச் சிப்ஸ் (பந்தய வில்லைகள்) வைத்திருந்தவர் ஆல்-இன் தள்ளினார், என் கையில் இரண்டு ஒன்பது. என்னைவிடக் குறைவான சிப்ஸோடு இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள், அவர்கள் எனக்கு முன் வெளியேறினால் என் பரிசு ஏறும். என் பாக்கெட் 'கால் பண்ணு', அதாவது பந்தயத்தை ஏற்றுக்கொள் என்றது. ஜெயித்தால் முதல் இடத்துக்கு வழி, தோற்றால் எனக்கு எதுவும் குறையாது. குறைவது பேக்கருக்குத்தான். மடித்தேன். அந்த இரண்டு பேரும் கொஞ்ச நேரத்தில் வெளியேற, நான் நான்காம் இடத்தில் முடித்தேன். பரிசு மொத்தமும் பேக்கர் கணக்குக்குப் போனது. அண்ணன் மகன் பார்த்த பட்டியலில் அது என் மூன்றாவது பெரிய வெற்றி! இந்த இடத்தில் கால் பண்ணுகிற ஆட்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அடுத்த பேக்கர் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம் ஸ்வாப். இரண்டு ஆட்டக்காரர்கள் தங்கள் பரிசில் ஆளுக்குப் பத்து சதவீதம் மாற்றிக்கொள்வது. போன வருடம் எனக்குக் கையில் நின்ற பெரிய தொகை இப்படித்தான் வந்தது, நான் முதல் நாளே வெளியேறிய ஆட்டத்தில். நண்பர் கடைசி மேஜை வரை போனார். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டேன். இப்படிப் பேசிய பேச்சு எப்போதும் சுமுகமாக முடிவதில்லை. 2006ல் அதே மெயின் ஈவென்டில் 1 கோடியே 20 லட்சம் டாலர் வென்ற ஜேமி கோல்ட் பாதிப் பங்கு தனக்குத் தருவதாகச் சொன்னார் என்று ஒருவர் நீதிமன்றம் போனார், கடைசியில் சமரசத்தில் முடிந்தது. என் நண்பரோ மறுநாள் காலை நான் எழுந்திருப்பதற்குள் பணத்தை அனுப்பிவிட்டார். எங்களுக்குள் ஒப்பந்தம் என்று காட்ட செல்போனில் இரண்டு வரிதான் இருந்தது. "பத்து மாத்திக்கலாமா?" "சரி."