டிக்கியில் கால், சீட்டில் தலை: காரில் மூன்று ராத்திரி

கார் வாங்கி இரண்டு வருடம் ஆன பிறகுதான் டிக்கிக்குள் இருந்த அந்த இரண்டு குமிழ்களைக் கவனித்தேன். இழுத்தால் பின்சீட்டின் சாய்மானம் 60:40 கணக்கில் இரண்டாகப் பிரிந்து முன்னால் மடங்குகிறது. நம் ஊரில் ஓடும் சின்ன செடான்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. இருப்பதை விடுவானேன் என்று டேப்பை எடுத்தேன். முன்சீட்டை முழுக்க முன்னால் தள்ளினால், அதன் முதுகிலிருந்து டிக்கியின் கடைசி வரை 5 அடி 11 அங்குலம். என் உயரம் 5 அடி 8. அப்புறம் என்ன, படுத்துவிட வேண்டியதுதான்.

முதல் ராத்திரி வீட்டு போர்டிகோவில். "ஏனுங்க, கட்டில் சும்மா கெடக்குது, டிக்கிக்குள்ள போய்ப் படுக்கறீங்களே" என்றாள் மனைவி. காதில் வாங்காமல் பாயை விரித்தேன். மடங்கிய சாய்மானம் டிக்கித் தரையைவிட நாலு அங்குலம் உயரம். அந்தப் படி சரியாக இடுப்புக்கு அடியில் வந்தது. சாய்மானமும் மட்டமாக விழாமல் முன்பக்கம் ஏறியே நிற்கிறது. தலை மேட்டில், கால் பள்ளத்தில். தூங்கத் தூங்க உடம்பு டிக்கிப் பக்கம் வழுக்கிக்கொண்டே போனது. தலையைத் திருப்பி டிக்கிக்குள் வைத்துப் பார்த்தேன். மூக்குக்கு மேலே தகரம், காற்றே இல்லை. ஒரு மணிக்கு எழுந்து வரலாம் என்றால் பின்கதவு திறக்கவில்லை. மகளுக்காகப் போட்டிருந்த சைல்டு லாக்! முன்சீட்டைத் தாண்டி ஒருவழியாக வெளியே வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் யோசித்துச் செய்தேன். டிக்கித் தரையில் பவானி ஜமுக்காளம் இரண்டை மடித்துப் போட்டதும் படி காணாமல் போனது. முன்சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் பள்ளத்தில் ஒரு சூட்கேஸ், அதன் மேல் தலையணை. மொத்தத்துக்கும் மேலே இரண்டு அங்குல ஃபோம். பழைய கொசுவலையை வெட்டி இரண்டு பின்கதவுகளுக்கும் உறைபோல மாட்டி, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினேன். முதுகு பிழைத்தது, ஆனால் புழுக்கம். மாமனார் ஏசியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். என்ஜினை ஓடவிட்டு நின்ற காருக்குள் தூங்குவதற்கு நான் தயாரில்லை. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. பவர் பேங்கில் ஓடும் குட்டி ஃபேனோடு சமாளித்தேன்.

மூன்றாவது, திட்டம் போடாத ராத்திரி. நவம்பரில் கோவையிலிருந்து சாம்ராஜ்நகர் கிளம்பி, அன்னூரில் நெரிசலில் மாட்டி, பண்ணாரி செக்போஸ்ட்டை அடையும்போது 9 மணி 10 நிமிடம். அங்கிருந்து ஏறும் திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து ராத்திரித் தடை: லாரிகளுக்கு மாலை 6 மணி முதல், கார்களுக்கு 9 மணி முதல், இரண்டுக்கும் காலை 6 வரை. சத்தியமங்கலம் திரும்பி லாட்ஜ் தேடியிருக்கலாம். ஆனால் ஜமுக்காளமும் ஃபோமும் வண்டியிலேயே இருந்தன. கோயில் பக்கம் வேறு வண்டிகள் நின்ற இடத்தில், லேசான சரிவாகப் பார்த்து, வண்டியின் மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்தினேன். சீட்டின் ஏற்றமும் தரையின் இறக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டன. மூன்று ராத்திரியில் கண்டுபிடித்த உருப்படியான விஷயம் இதுதான், அதற்குக் காசும் செலவில்லை.

யானை நடமாடும் இடம் என்பதால் படுப்பதற்கு முன்பே எல்லா வேலையையும் முடித்துக்கொண்டேன். குளிருக்கு ஜன்னலையும் முழுக்க ஏற்றிவிட்டேன், அது தப்பு. ஐந்தரைக்கு விழித்தபோது கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கம் வேர்த்து, நெற்றியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. 6 மணிக்கு கேட் திறந்து லாரிகள் வரிசையாக 27 கொண்டை ஊசி வளைவுகளை நோக்கி நகர ஆரம்பித்தன. நான் துண்டை வைத்து முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.