சூடானால் மட்டும் இழுக்காத டீசல் கார்

எங்கள் டீசல் காருக்கு வயது 15. அப்பா வாங்கியது, நான் ஓட்டப் பழகியதும் அதில்தான். போன வருடம் அதற்கு ஒரு கோளாறு வந்தது. காலையில் எடுத்தால் சிட்டாகப் பறக்கும். முக்கால் மணி நேரம் ஓடிச் சூடான பிறகு, ஏதாவது ஒரு ஏற்றத்தில் சட்டென்று இழுவை போய்விடும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் முக்கி முனகித்தான் ஏறும். ஓரங்கட்டி, சாவியை அணைத்து, திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல இழுக்கும்.

முதல் ஒர்க்‌ஷாப்பில் டீசல் ஃபில்டரும் ஏர் ஃபில்டரும் மாற்றினார்கள். பலன் இல்லை. இரண்டாவது இடத்தில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. டர்போவே போயிருந்தால் காலையில் மட்டும் எப்படி இழுக்கும்? ஆயில் குறையவில்லை, நீலப்புகை இல்லை, டர்போவின் விசில் சத்தமும் மாறவில்லை. அணைத்துப் போட்டால் சரியாகிறது என்பதே பெரிய துப்பு. கேட்ட காற்றழுத்தம் டர்போவிடமிருந்து வரவில்லை என்றால் இன்ஜின் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக இழுவையைக் குறைத்துவிடும். லிம்ப் மோட் என்பது இதுதான். பல வண்டிகளில் சாவியை அணைத்துப் போட்டதும் கம்ப்யூட்டர் புதிதாக ஆரம்பிக்கும்.

போனோடு இணைகிற சின்ன ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். பி0299 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வந்தது. டர்போ அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். என்ன நடந்தது என்பதைத்தான் கோடு சொல்லும், ஏன் என்பதைச் சொல்லாது. அதற்கு, கோளாறு வரும் நேரத்தில் ஓடும் எண்களைப் பார்க்க வேண்டும். நான் ஓட்ட, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சத்தமாகப் படித்தார். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டபோது அழுத்த சென்சார் 1000 மில்லிபார் பக்கம் காட்டியது. வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய அதுதான், அதனால் சென்சார் தாறுமாறாகக் காட்டவில்லை என்று தெரிந்தது. வண்டி சூடாகாதவரை கேட்டதும் வந்ததும் ஒட்டியே போயின. நாற்பது நிமிடம் கழித்து அதே ஏற்றத்தில் அப்பா, “கேட்டது 2100, வந்தது 1400” என்றார். அடுத்த நொடி இழுவை போனது.

அப்புறம் டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் குழாய்களைப் பார்த்தேன். வெடிப்பு இல்லை, கிளாம்ப் எல்லாம் இறுக்கமாக இருந்தது. மிச்சம் இருந்தது வேக்குவம், அதாவது இன்ஜினில் உள்ள ஒரு பம்ப் காற்றை உறிஞ்சி உண்டாக்கும் இழுவிசை.

இந்த டர்போவுக்குள் திருப்பக்கூடிய இறக்கைகள் இருக்கின்றன. அவை மூடிக்கொள்ளும்போது புகைக்காற்று வேகமாகப் பாய்ந்து அழுத்தம் ஏறும். அவற்றை நகர்த்துவது ஒரு கம்பி. அந்தக் கம்பியை இழுப்பது வேக்குவத்தால் வேலை செய்யும் ஒரு டயாஃப்ரம், அதாவது வளையும் சவ்வு. வேக்குவம் குறைந்தால் இறக்கைகள் திறந்தே நிற்கும், இழுவை இருக்காது. எனவே ஒரு சின்ன ஓட்டை போதும்.

கை வேக்குவம் பம்ப் ஒன்றை இரவல் வாங்கி டயாஃப்ரத்தில் மாட்டி மெதுவாக இழுத்தேன். கம்பி எங்கும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பிடித்து வைத்தேன், பம்ப் மீட்டரின் முள் அசையவில்லை. விட்டதும் தானாக மேலே போனது. கரி படிந்து இறக்கைகள் இறுகியிருந்தால் கம்பி விட்டு விட்டு நகர்ந்திருக்கும். டயாஃப்ரம் கிழிந்திருந்தால் முள் இறங்கியிருக்கும். டர்போவை மாற்ற வேண்டியதில்லை என்று எனக்கு உறுதியானது அன்றுதான். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இதைச் செய்யாமல் டர்போவைக் கழற்ற யாரும் சம்மதிக்கக் கூடாது.

வேக்குவத்தைக் கட்டுப்படுத்தும், மின்சாரத்தில் இயங்கும் சொலினாய்டு வால்வு மேல் சந்தேகம் வந்தது. எங்கள் வண்டியில் புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆருக்கும் அதே மாதிரி வால்வு இருப்பதால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கோளாறு அப்படியேதான் இருந்தது.

கடைசியாக, டயாஃப்ரத்துக்குப் போகும் ஹோஸில் T வடிவ இணைப்பு ஒன்று வைத்து, நீளமான டியூப்பை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து வேக்குவம் மீட்டரில் மாட்டினேன். சூடான பிறகு ஏற்றத்தில் கால் அழுத்தியதும் முள் சரசரவென்று இறங்குவதை அப்பா பார்த்துச் சொன்னார். நின்ற இடத்தில் எவ்வளவு ரேஸ் கொடுத்தாலும் அது இறங்கவில்லை. அடுத்து மீட்டரை இன்ஜினின் வேக்குவம் பம்ப் பக்கம் மாற்றி அதே ஏற்றத்தில் ஓட்டினோம், அங்கே குறையவே இல்லை. அப்படியானால் வால்வுக்கும் டயாஃப்ரத்துக்கும் நடுவில்தான் எங்கோ ஓட்டை.

அந்த ஹோஸ் நூல் பின்னல் போட்டது, வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இன்ஜின் சூடாக இருக்கும்போதே கையுறை போட்டுக்கொண்டு அங்குல அங்குலமாக வளைத்துப் பார்த்தேன். டர்போவின் வெப்பத் தகடு பக்கம் வளையும் இடத்தில், பின்னலுக்கு அடியில் ரப்பர் வாய் பிளந்தது. விட்டால் மூடிக்கொண்டது. அப்போதுதான் எல்லாம் பொருந்தியது. ஏற்றத்தில் லோடு ஏறும்போது இன்ஜின் தன் மவுண்ட்டில் சற்றுச் சாய்கிறது. ஹோஸ் இழுபடுகிறது. சூட்டில் இளகிய ரப்பர் பிளந்துகொள்கிறது. நின்ற வண்டியில் எத்தனை முறை பார்த்தாலும் இது அகப்படாது.

அதே உள்விட்டத்தில், சூடு தாங்கும் தடித்த ஹோஸ் வாங்கினேன். மெல்லியது வேக்குவத்தில் சப்பிப்போய் ஒட்டிக்கொள்ளும். மற்ற வேக்குவம் ஹோஸ்களுக்கும் அதே வயதுதானே என்று எல்லாவற்றையும் மாற்றினேன். புதியதைத் தகட்டிலிருந்து விலக்கி, சாய்வுக்கு இடம் கொடுத்துக் கொஞ்சம் தொய்வாகவே கட்டினேன்.

ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்றிவிட்டு அதே ஏற்றத்துக்குப் போனோம். “கேட்டது 2100, வந்தது 2080” என்று அப்பா படித்தார். அடுத்த வளைவிலும் விடாமல் படித்துக்கொண்டே வந்தார்.